கடன் என்ற ஒரு சொல்

கீழ்பென்னாத்தூரில் என் தகப்பனாருக்கு மணிலா மண்டி இருந்தது. மணிலாக்கொட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில், ஏரிப் பாசனம் எட்டாத நிலங்களில் எல்லாம் அந்த நாளில் அதுதான் பயிர். விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் பணம் வாங்குவார்கள். காய் வந்ததும் மூட்டைகளை அதே மண்டியில் கொண்டுவந்து போட்டுக் கணக்கைத் தீர்ப்பார்கள். மழை தவறினால் கணக்கு தீராது. வட்டியோடு சேர்ந்து மறு வருஷத்துப் பக்கத்துக்கு ஏறும். என் தகப்பனார் கொடியவர் அல்லர். ஆனால் கணக்கில் காலணா விடமாட்டார்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைப் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பினார். அங்கே கிறிஸ்தவக் குடியானவர் ஒருவர் கிணறு ஆழப்படுத்துவதற்காகப் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தார். கிணற்றில் பாறைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. வட்டி நின்றுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. "சும்மா ஞாபகப்படுத்திவிட்டு வா" என்பதுதான் உத்தரவு.

அவர் வீட்டில் இல்லை. கோயிலில் இருப்பதாகச் சொன்னார்கள். கோயில் என்றால் கோபுரம் கிடையாது. ஓடு வேய்ந்த நீளமான ஒரு கூடம். வெளியே புங்க மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். பாட்டு முடிந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குரலில் ஒரு ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் திடீரென்று ‘கடன்’ என்ற சொல் என் காதில் விழுந்தது. கடனை மன்னிக்கும்படி கேட்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்தச் சொல் வந்த இடத்தில் எங்கள் கடனாளி கண்ணைத் திறந்தார். ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நிற்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு மண்டிக்குத் திரும்பினேன். "அப்பா, நமக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளிவிடச் சொல்லி அவங்க ஊரே சேர்ந்து சாமிகிட்ட கேக்குது" என்றேன். மண்டியில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, "மன்னிக்கிறது அவங்க சாமி, நஷ்டம் மட்டும் எனக்கா?" என்றார்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நண்பரின் வீட்டில் வேதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஜெபத்தின் மறுபாதியை அறிந்தேன். ‘எங்களை மன்னியும்’ என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. எங்களுக்குக் கடன்பட்டவர்களை நாங்கள் மன்னிப்பதைப் போலவே என்று ஒரு நிபந்தனையையும், கேட்கிறவன் வாயாலேயே, சேர்த்துச் சொல்ல வைக்கிறது. அன்று ஜன்னலுக்கு வெளியே நின்ற மண்டிக்காரன் மகனையும் அந்த ஜெபம் விடவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஒரு சொல்லின் சரித்திரத்தைத் தேடும் ஆசை அப்போதுதான் எனக்கு உண்டாயிற்று.

*

ஏசுநாதர் பேசிய மொழி அரமேயம். அதில் ‘ஹோபா’ என்று ஒரு சொல் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் அதுதான் பெயர். கடவுளுக்கு முன் செய்த பிழைக்கும் அதுதான் பெயர். அதனால் அந்த ஜெபம் கிரேக்கத்தில் எழுதப்பட்டபோதே இரண்டு வடிவம் எடுத்தது. மத்தேயு, கடன் என்ற சொல்லையே வைத்துக்கொண்டார். லூக்கா, முன்பாதியில் பாவம் என்று மாற்றினார். பின்பாதியில் கடன்பட்டவனை அப்படியே விட்டுவைத்தார். பிற்காலத்துப் போதகர்களில் பலரும், ‘கடன் என்றது இங்கே பாவத்தைத்தான்’ என்று விளக்கம் சொல்லி, பணத்தின் வாடையே இல்லாமல் அந்த வாக்கியத்தைத் துடைத்து வைத்தார்கள்.

ஆனால் அதை முதலில் கேட்ட கலிலேயாவின் ஜனங்களுக்கு அப்படித் துடைத்த பொருள் மட்டுமா தோன்றியிருக்கும்? ரோமாபுரிக்கு வரி, ஏரோதின் அரண்மனைக்கு வரி, எருசலேம் ஆலயத்துக்குக் காணிக்கை. இத்தனையும் போக, விளைச்சல் பொய்த்தால் கடன். கடன் தீராவிட்டால் நிலம். நிலமும் போனால் அதே நிலத்தில் கூலி. கி.பி. 66-ஆம் ஆண்டு எருசலேமில் கலகம் மூண்டபோது, கலகக்காரர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கடன் பத்திரங்கள் வைத்திருந்த ஆவணசாலைக்குத் தீ வைத்தது. கடனாளிகளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று, அந்தக் காலத்தில் வாழ்ந்த ஜோசிபஸ் என்னும் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். பத்திரத்தைக் கொளுத்தினால் சேர்ந்துவிடத் தயாராகக் கூட்டம் இருந்தது என்றால், அந்த நாட்டில் கடன் எவ்வளவு கனத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

யூதர்களின் பழைய நியாயப்பிரமாணம் இதற்கு ஒரு வழி வகுத்திருந்தது. ஏழு வருஷத்துக்கு ஒரு முறை கடன்களைத் தள்ளிவிட வேண்டும். ஐம்பதாவது வருஷத்தில், விற்றுப்போன நிலமும் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழாவது வருஷம் நெருங்கும்போது எவன் கடன் கொடுப்பான்? இந்தக் கேள்வி அந்தச் சட்டத்தை எழுதியவருக்கே தோன்றியிருக்கிறது. ஏழாம் வருஷம் வருகிறதே என்று ஏழைக்குக் கையை மூடிக்கொள்ளாதே என்று உபாகமத்தில் எச்சரிக்கையும் சேர்த்து எழுதியிருக்கிறது. எச்சரிக்கையினால் கை திறக்குமா? ஏசுநாதருக்குச் சற்று முன்னால் வாழ்ந்த ஹில்லேல் என்ற மகா பண்டிதர், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதி ஒப்படைத்துவிட்டால் ஏழாம் வருஷம் அதைத் தொடாது என்று ஓர் ஏற்பாடு செய்தார். ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டுமே என்ற கருணையினால்தான் செய்தார். ஆனாலும் தள்ளுபடி போயிற்று, பத்திரம் நின்றது.

நம் நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1938-ல் ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாண விவசாயிகளுக்குக் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய பழைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நின்றுபோன வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. எத்தனையோ குடும்பங்கள் மூச்சுவிட்டன. அதே சமயம் லேவாதேவிக்காரர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்றும், அவசரத்துக்கு நூறு ரூபாய் புரட்டுவது பெரும்பாடாகிவிட்டது என்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மோசேயின் காலத்துச் சங்கடம் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்துவிட்டது!

*

இனி அந்தச் சொல் தமிழுக்கு வந்த கதை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், 1711-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதி முடித்தார். 1715-ல் அது அச்சேறி முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. காகிதம் போதவில்லை என்று எழுத்துகளைச் சிறிதாக வார்த்து அச்சிட்டார்கள். முப்பத்தாறு வயதில் சீகன்பால்க் மறைந்தார். அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜான் பிலிப் பெப்ரீசியஸ்.

ஜெர்மனியில் 1711-ல் பிறந்தவர். 1740-ல் இந்தியாவுக்கு வந்தார். 1742 முதல் சென்னை வேப்பேரியில் வாசம். பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. விவாகமும் செய்துகொள்ளவில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்தபோது, வேப்பேரியை விட்டுப் பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. பிறகு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அங்கிருந்த அச்சுக்கூடத்தை எடுத்து வந்தார்கள். அது வேப்பேரி மிஷனின் பொறுப்புக்கு வந்தது. அந்த அச்சிலிருந்துதான் 1772-ல் அவருடைய புதிய ஏற்பாடும், 1779-ல் தமிழ் அகராதியும் வெளிவந்தன. அவர் மொழிபெயர்க்க உட்காரவில்லை, முழங்காலில் நின்றார் என்று சொல்வார்கள். எழுதியதைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் முகம் தெளிகிற வரைக்கும் திருத்துவாராம். பின்னால் வந்த திருத்தங்கள் எல்லாம் அவர் போட்ட பாதையில் நடந்தவையே. 1871-ல் முழுமை பெற்று, இன்று வரை தமிழ்ப் புரோட்டஸ்டண்டு வீடுகளில் இருக்கிற பவர் ஐயரின் மொழிபெயர்ப்பும் அப்படித்தான்.

பெப்ரீசியஸின் தாய்மொழியில் ‘ஷூல்ட்’ என்று ஒரு சொல் உண்டு. கடனுக்கும் அதுவே, குற்றத்துக்கும் அதுவே. அரமேயத்துச் சொல்லின் இரட்டைப் பொருள் அவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே பழக்கமாயிருந்தது. சீகன்பால்குக்கும் அப்படியே. ஆங்கிலேயர் வேறு விதம். அவர்களுடைய 1549-ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலில் ‘எல்லை மீறுதல்’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். இன்றைக்கும் அவர்கள் கோயிலில் அதுவே பெருவழக்கு. ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் ‘கடன்’ என்றே சொல்லி வருகிறார்கள்.

தமிழில் நின்ற சொல் ‘கடன்’. அதற்கு நம் மொழியில் இன்னொரு செழிப்பும் உண்டு. வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். காலைக்கடன், நீத்தார் கடன், நேர்த்திக்கடன் என்கிறோம். தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பிதுர்களுக்கும் மூன்று கடன்களோடுதான் மனிதன் பிறக்கிறான் என்று நம் சாஸ்திரமும் சொல்கிறது. செய்யாமல் விட்ட கடமையும், கொடுக்காமல் விட்ட பணமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிற மொழி நம்முடையது.

*

பெப்ரீசியஸ் வேப்பேரியில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையும் ஆர்க்காட்டுச் சீமையும் கடனிலேயே மிதந்துகொண்டிருந்தன. ஆர்க்காட்டு நவாப் முகம்மதலி வாலாஜா கும்பெனிக்குக் கடனாளி. கும்பெனியின் உத்தியோகஸ்தர்களுக்குத் தனித்தனியாகவும் கடனாளி. 1767-ல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஐதர் அலியின் படைகளோடு கும்பெனிப் படை போரிட்டது. இப்படிப்பட்ட யுத்தங்களின் செலவும் நவாபின் கணக்கில்தான் ஏறியது. நவாப் எதை வைத்துக் கடன் வாங்கினார்? சீமையின் வரி வசூலை எழுதிக் கொடுத்து வாங்கினார். கோட்டைக்குள் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்த துரையின் லாபம், ஏதோ ஒரு குடியானவன் களத்துமேட்டில் அளந்து வைத்த நெல்லிலிருந்து போயிற்று. 1776-ல் கவர்னர் பிகட் பிரபு இந்தக் கடன்காரக் கூட்டத்தோடு மோதினார். சொந்தச் சபை அங்கத்தினர்களே அவரைக் கைது செய்தார்கள். மறு வருஷம் காவலிலேயே இறந்துபோனார். 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்டு பர்க் இந்தக் கடன்களைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கமே செய்தார். நாடு கும்பெனிக்குப் போன பிறகு கோரிக்கைகளை விசாரித்துப் பார்த்தார்கள். மூன்று கோடிப் பவுனுக்கு மேல் கேட்டிருந்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடன் என்று தேறவில்லை!

இந்தச் சூதாட்டத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைமனப் பாதிரியார் பணப்பெட்டியைக் காத்துக்கொண்டிருந்தார். மிஷனின் பணம் அவரிடம் இருந்தது. இவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பிப் பிறரும் தங்கள் பணத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அதை அவர் வட்டிக்குக் கொடுத்தார், தமக்காக அல்ல. வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்து வைத்தவர்கள் வந்து கேட்டார்கள். அகராதியில் ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருள் எழுதியவரிடம் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் கடன் தீராதவனுக்குச் சிறை. முதுமையில், பார்வையும் பலமும் குறைந்துவந்த காலத்தில், பெப்ரீசியஸ் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1788-ல் கெரிக்கே என்ற இளைய பாதிரியாரிடம் வேப்பேரியின் பொறுப்பு போயிற்று. 1791 ஜனவரி 23-ஆம் தேதி, எண்பது வயது நிரம்பிய மறுநாள், பெப்ரீசியஸ் காலமானார். அவர் மொழிபெயர்த்த பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது 1796-ல்தான். அவர் அதைப் பார்க்கவில்லை.

நான் யோசித்துப் பார்ப்பது இதைத்தான். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் காலில் விழுகிறான். ராஜா முழுவதையும் தள்ளிவிடுகிறார். அவன் வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். ஒரு தாலந்து ஆறாயிரம் காசு. ஒரு காசு ஒரு நாள் கூலி. அந்தக் கணக்கில் அவனுக்கு மன்னிக்கப்பட்டது ஆறு கோடி நாள் கூலி. அவன் மன்னிக்க மறுத்தது நூறு நாள் கூலி. கடன், கழுத்து, சிறை என்று இந்தக் கதையைத் தமிழாக்கிப் பலருக்கும் வாசித்துக் காட்டிப் பலமுறை திருத்தியவர் பெப்ரீசியஸ். பிறகு ஒரு நாள் அந்தக் கதைக்குள்ளேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தாம் கொடுத்தவர்களிடம் அவர் ராஜாவாக இருந்தாரோ என்னவோ. தாம் வாங்கியவர்களிடம் சக ஊழியனாகத்தான் இருக்க முடிந்தது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர், இந்தச் சிறைக் கதையை ஒரு களங்கமாக நினைத்து இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேத வாக்கியங்களுக்குப் பொருள் எழுதியவர்கள் ஆயிரம் பேர். ஒரு வாக்கியத்தின் முழு விலையையும் தம் உடம்பால் கொடுத்தவர்கள் சிலரே. சிறைக்குள் அவர் மாலை ஜெபம் சொல்லியிருப்பார் அல்லவா? அந்த இடம் வந்தபோது அவர் எந்தப் பொருளில் சொல்லியிருப்பார்? பாவம் என்றா, பணம் என்றா? இரண்டையும் பிரிக்க முடியாத நிலையில்தான் அந்தச் சொல் முதன்முதலில் சொல்லப்பட்டது என்பது அன்று அவருக்கு விளங்கியிருக்கும்.

*

1995-ல் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில், இந்த இடத்தில் ‘குற்றம்’ என்ற சொல் வந்துவிட்டது. அறிஞர்கள் காரணம் இல்லாமல் மாற்றவில்லை; அரமேயச் சொல்லின் பொருளை எடுத்துக்கொண்டால் அது சரியே. ஆயினும் எனக்குப் பழைய சொல்லிடம்தான் பட்சபாதம். ‘குற்றத்தை மன்னித்தேன்’ என்று சொல்வது எளிது. மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம்; யாருக்கும் தெரியாது; சொன்ன பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். ‘கடனை மன்னித்தேன்’ என்றால் பேரேட்டைத் திறக்க வேண்டும். ஒரு தொகையைப் பார்க்க வேண்டும். அதன் மேல் கோடு இழுக்க வேண்டும். கையிலிருந்து ஏதாவது போனால்தான் மன்னிப்பு என்று அந்தப் பழைய சொல் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சர்க்கார் தள்ளுபடி செய்வது வேறு விஷயம். 2006-ல் கூட்டுறவு விவசாயக் கடன் 6,866 கோடி ரூபாயும், 2021-ல் 12,110 கோடி ரூபாயும் தமிழ்நாட்டில் தள்ளுபடி செய்யப்பட்டன. அவை வேண்டியவைதாம். கந்து வட்டியைத் தடுக்க 2003-லிருந்து சட்டமும் இருக்கிறது. ஆனால் சர்க்காரின் கோடு எல்லோர் பணத்தின் மேலும் விழுவது. அந்த ஜெபம் கேட்பது என் பேரேட்டில், என் கையால், எனக்குத் தெரிந்த ஒரு மனிதனின் பெயருக்கு எதிரே விழுகிற கோட்டை.

என் தகப்பனார் இறந்து காரியங்கள் முடிந்த பிறகு, நானும் என் அண்ணனும் மண்டியின் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய நோட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. பிராமிசரி நோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். அல்லது கொஞ்சம் வரவு வைத்துப் பின்பக்கம் கையெழுத்து வாங்க வேண்டும். அல்லது புது நோட்டு எழுதி வாங்க வேண்டும். அப்பா இதில் தவறவே மாட்டார். ஒவ்வொரு நோட்டின் முதுகிலும் வரவும் தேதியும் கையெழுத்தும் நெருக்கமாக இருந்தன.

ஒன்றின் முதுகு மட்டும் வெறுமையாக இருந்தது. கிணற்றுக்காக வாங்கிய அந்தக் கிறிஸ்தவக் குடியானவரின் நோட்டு அது. நான் அந்தக் கிராமத்துக்குப் போய்த் திரும்பிய வருஷத்துக்குப் பிறகு அதைப் பற்றி மண்டிக் கணக்கிலும் ஒரு வரி இல்லை.

"அப்பா மறந்துபோயிருப்பார்டா" என்றான் அண்ணன்.

காலணாவை மறக்காத மனிதர் அவர். கிழித்துப் போடவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆள் வந்து நிற்காத மூன்று வருஷத்தை, நாள் நாளாக எண்ணிக்கொண்டு, வாய் திறக்காமல் கழியவிட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவர் அந்த ஜெபத்தின் மறுபாதியைக் கேட்டிருக்க நியாயமே இல்லை.

நோட்டை மறுபடி மடித்து வைத்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.